லேப்டாப்பில் மானிட்டர் மாட்டப்போய் யாருக்கு என்ன ஆனது?

தென்காசிக்காரன்
புது ஆபீஸ் லேப்டாப், டைப்-சியிலிருந்து எச்டிஎம்ஐ அடாப்டர், மீட்டிங் ரூம் டிவி. செருகினால் 'நோ சிக்னல்'. எதிரே வாடிக்கையாளர் உட்கார்ந்திருக்கிறார். அடாப்டர் போச்சு என்று மேனேஜர் தீர்ப்பே எழுதிவிட்டு, வேறு வாங்கிவர ஆள் அனுப்பிவிட்டார். ஐடி டெஸ்க்கிலிருந்து வந்த பெண் எதுவும் பேசவில்லை. அதே அடாப்டரைப் பிடுங்கி, பக்கத்து ஓட்டையில் செருகினார். படம் வந்துவிட்டது!

இரண்டும் ஒரே டைப்-சி, ஒரே அளவு. ஒன்றின் ஓரத்தில் மட்டும் டி எழுத்துக்குள் பி எழுத்து நுழைந்த மாதிரி துக்கிளியூண்டு குறி. அதில்தான் டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோட், அதாவது டைப்-சி வழியாகப் படம் அனுப்பும் வசதி, இருக்கிறதாம், மற்றது சார்ஜுக்கும் டேட்டாவுக்கும் மட்டும். கறுப்பு உடம்பில் கறுப்பு மையில் அந்தக் குறியை அச்சடித்த புண்ணியவானைத்தான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

மதுரை கணக்கு
உங்களுக்காவது படம் வந்தது. என்னிடம் இருப்பது மேக்புக் ஏர், எம்1 சிப். ஒரு மானிட்டரில் எக்செல், இன்னொன்றில் ஜிஎஸ்டி தளம் என்று ஆசைப்பட்டு, இரண்டு எச்டிஎம்ஐ உள்ள ஹப் கேட்டேன். 'மேக்குக்கும் ஓடும் மேடம்' என்று கடையில் அடித்துச் சொன்னார்கள். வீட்டில் மாட்டினால் இரண்டிலும் ஒரே எக்செல். மவுஸை இழுத்தேன். இரண்டு அம்புக்குறியும் குடியரசு தின அணிவகுப்பு மாதிரி ஒன்றாகவே நகர்கின்றன.

திருப்பிக் கொண்டுபோனால், கடைக்காரர் தன் விண்டோஸ் லேப்டாப்பில் செருகி, இரண்டு மானிட்டரில் இரண்டு படம் வரவைத்துக் காட்டினார். "பீஸ் நல்லாத்தானே இருக்கு?" பணம் திரும்பவில்லை. அந்தச் சிரிப்புதான் இன்னும் உறுத்துகிறது.

வயர்மேன்
கடைக்காரர் செய்தது சரிதான், பீஸில் கோளாறு இல்லையே. அந்த ஹப் எம்எஸ்டி முறையில் ஒரு சிக்னலை இரண்டாகப் பிரிப்பது. விண்டோஸ் அதை ஏற்கும். மேக்கில் அந்த முறையில் இரண்டு தனித் திரை கிடைக்காது, நகல்தான். எம்1, எம்2 ஏர் இரண்டுமே ஒரு வெளி மானிட்டருக்கு மேல் தாங்காது. 2024இல் வந்த எம்3 ஏர், மூடியை மூடிவைத்தால் இரண்டு தாங்கும். 2025இல் எம்4 வந்த பிறகுதான் மூடி திறந்திருக்கும்போதே இரண்டு. இதைத் தெரிந்துகொண்டு கடைக்குப் போக வேண்டும்.

டிஸ்ப்ளேலிங்க் சிப் (படத்தை யுஎஸ்பி டேட்டாவாக அனுப்பும் முறை) உள்ள டாக் வாங்குங்கள், எம்1இலும் இரண்டு மானிட்டர் வரும். டிரைவர் போட்டு, ஸ்க்ரீன் ரெக்கார்டிங் அனுமதி கொடுக்க வேண்டும். இல்லையென்றால் படம் வராது.

பொதுவாகவும் சொல்லிவிடுகிறேன். பெட்டியில் '4கே' என்று மட்டும் இருந்தால் வாங்காதீர்கள், '4கே 60 ஹெர்ட்ஸ்' (நொடிக்கு 60 முறை படம் மாறும்) என்று இருக்க வேண்டும். எச்டிஎம்ஐ 1.4 வழியாக 4கே என்றால் 30தான், 60க்கு 2.0 வேண்டும். 30இல் மவுஸ் தயங்கித் தயங்கித்தான் வரும், எக்செல்லில் உருட்டினாலே தலைவலி. போன் சார்ஜர் கேபிளை மானிட்டரில் செருகிவிட்டு மானிட்டரைத் திட்டுகிறவர்கள் தனி ரகம். அவற்றில் பெரும்பாலானவை யுஎஸ்பி 2 கேபிள்கள், வீடியோ போகவே போகாது.

என் கதையா? எச்டிஎம்ஐக்கு முந்தைய டிவிஐ இணைப்பு மட்டும் உள்ள பழைய மானிட்டர், 2560 x 1440. மலிவு எச்டிஎம்ஐ கன்வெர்ட்டரில் 1920 x 1200க்கு மேல் ஏறவில்லை. அவ்வளவுதான்.

மதுரை கணக்கு
கேட்காமலே கொடுத்த அறிவுரைக்கு நன்றி. 'மேக்குக்கும் ஓடும்' என்று கடையில் சொன்னதை மட்டும் வசதியாகத் தாண்டிப் போய்விட்டீர்கள். எல்லாம் தெரிந்துகொண்டுதான் போக வேண்டும் என்றால் கடையில் ஆள் எதற்கு?

பருத்தித்துறை
வயர்மேன் அண்ணை, டிஸ்ப்ளேலிங்க்கைப் பற்றி முழுதாகச் சொல்லுங்கோ. கட்டணம் கட்டிப் பார்க்கிற படத் தளங்களில் அதன் வழியாகக் கறுப்புத் திரை வரலாம், குரல் மட்டும் கேட்கும். மேக்கில் எனக்கு அப்படித்தான். திருட்டுப் பாதுகாப்பாம்.

என் கதை வேறு. லேப்டாப்பில் எச்டிஎம்ஐ, மானிட்டரில் டிஸ்ப்ளேபோர்ட். கொழும்பில் ஒரு கடையில் ஒரு முனை இது, மறுமுனை அது என்று கேபிள் தந்தார்கள். இரண்டு பக்கமும் டிக்கென்று இறுக்கமாகப் பூட்டிக்கொண்டது. மானிட்டரின் நீல விளக்கு ஒரு கணம் எரிந்து, மஞ்சளாகித் தூங்கப் போய்விட்டது. அந்தக் கேபிள் ஒருவழிப் பாதை, டிஸ்ப்ளேபோர்ட் பக்கம் கணினியில் இருந்தால்தான் வேலை செய்யும். எதிர்த்திசைக்கு, மின்சாரம் எடுக்க ஒரு யுஎஸ்பி வாலும் உள்ள கன்வெர்ட்டர் வேண்டும். விலையும் கூட.

ஈரோடு வாத்தியார்
நீங்கள் எல்லோரும் 4கே பேசுகிறீர்கள். எங்கள் பள்ளி புரொஜெக்டரில் விஜிஏ மட்டும்தான். கன்வெர்ட்டர் மாட்டி வகுப்பில் வீடியோ போட்டேன், எரிமலை வெடிக்கிறது, குழம்பு வழிகிறது, சத்தமே இல்லை. விஜிஏயில் படம் மட்டும்தான் போகும், சரி. ஆனால் லேப்டாப் ஸ்பீக்கரும் ஊமை. பின் பெஞ்சிலிருந்து ஒருவன், "சார், எரிமலைக்குத் தொண்டை கட்டிடுச்சா?" வகுப்பே சிரித்தது, நானும்தான்.

லேப்டாப் ஒலியை எச்டிஎம்ஐ பக்கம் தள்ளிவிட்டிருக்கிறது. கன்வெர்ட்டரின் பக்கவாட்டில் ஹெட்போன் ஓட்டை ஒன்று இருந்தது, ஒலி அங்கே போய் நின்றிருக்கிறது. ஸ்பீக்கர் ஒயரை அதில் செருகலாம், அல்லது சவுண்ட் அமைப்பில் லேப்டாப் ஸ்பீக்கரையே தேர்ந்தெடுக்கலாம். நான் இரண்டாவதைத்தான் செய்கிறேன், ஸ்பீக்கர் ஒயர் பீரோவில் இருக்கிறது, சாவி ஹெச்.எம். கையில்.