நையோபியம் ஊசிமுனை, பிஸ்மத் செலினைட்: ஸ்பின் முனைவு 0.6 என்று எழுதலாமா?

ஹற்றன் மாணவி:
பேராதனை இறுதியாண்டு ஆய்வுக்காக, வெளி ஆய்வகம் ஒன்றின் தரவைப் பகுப்பாய்வு செய்கிறேன். இடவியல் காவலியான (உட்புறம் காவலி, மேற்பரப்பு கடத்தி) பிஸ்மத் செலினைட் படிகம், மீகடத்தியான நையோபியத்தில் ஊசிமுனை, 4.2 கெல்வின், தொடுகைத் தடை 20 ஓம். மீகடத்தித் தொடுகையின் கடத்துதிறனைக் கணிக்கும் பிடிகே மாதிரியைப் பொருத்தினால் முனைவு (இலத்திரன் ஸ்பின்கள் ஒரே பக்கம் சாய்ந்திருக்கும் அளவு) 0.6, மீகடத்தியின் ஆற்றல் இடைவெளி 2.1 மில்லி இலத்திரன்வோல்ற்று வருகிறது. கடத்துதிறன் வளையியில் ±4 மில்லிவோல்ற்றில் கூரான பள்ளங்களும் உண்டு. இந்த 0.6ஐ மேற்பரப்பு இலத்திரன்களின் முனைவு என்று எழுதலாமா?

தாழ்வெப்பம்_கண்டி:
இப்போதைக்கு வேண்டாம், தங்கச்சி. நையோபியத்தின் இடைவெளி ஏறத்தாழ 1.5தான். 2.1 வந்தால் படிகத்தின் தொடர்தடை உள்ளே கலந்திருக்கிறது: 20 ஓமில் சுமார் 6 ஓம். அதன் விளைவைப் பாருங்கள். முனைவே இல்லாத, தடுப்பற்ற தொடுகையில் கடத்துதிறன் இரட்டிக்க வேண்டும். இந்த 6 ஓம் சேர்ந்தால் 1.54 மடங்குதான் தெரியும். பொருத்தும் நிரல் அதை 0.23 முனைவாக எடுத்துக்கொள்ளும். வோல்ற்றளவிலிருந்தும் வகையீட்டுத் தடையிலிருந்தும் (dV/dI) அந்தப் பங்கைக் கழித்துவிட்டுப் பொருத்துங்கள்.

கூரான பள்ளங்கள் பெரும்பாலும் தொடுகை அவதி ஓட்டத்தை (மீகடத்தல் தாங்கும் உச்ச மின்னோட்டம்) தாண்டிச் சூடாவதால் வருபவை. அந்த வளையிகளை ஒதுக்கிவிடுங்கள்.

பதுளை அண்ணா:
வெப்பநிலையைப் பொருத்தும் மாறியாக விடாதீர்கள். வெப்பமானி காட்டியதையே போடுங்கள். (எங்கும் 4.2 என்று எடுத்துக்கொள்ள முடியாது: நுவரெலியா உயரத்தில் திரவ ஹீலியம் 4.0 கெல்வினிலேயே கொதிக்கும்.) 4.2 கெல்வினில் வெப்ப விரிவு மட்டும் 1.3 மில்லி இலத்திரன்வோல்ற்று அளவில் இருப்பதால் பொருத்தலில் முனைவும் தொடுகைத் தடுப்பும் ஒன்றையொன்று ஈடுசெய்யும். முனைவை 0 முதல் 0.7 வரை 0.1 படியாக நிறுத்தி ஒவ்வொன்றுக்கும் வழுவைக் குறியுங்கள். அந்த வழு வரைபின் பள்ளத்தாக்கு தட்டையாக இருந்தால் 0.6க்குப் பொருளில்லை. அதே ஊசியால் செம்பில் எடுத்த தரவையும் கேளுங்கள். அங்கே பூச்சியம் வர வேண்டும்.

ஹற்றன் மாணவி:
எல்லாம் திருத்திய பிறகும் முனைவு மிஞ்சினால்?

தாழ்வெப்பம்_கண்டி:
அப்போதும் அது ஸ்பின் பூட்டுக்கு (இலத்திரன் போகும் திசையே அதன் ஸ்பினைத் தீர்மானிப்பது) சான்றாகாது. அந்திரேவ் தெறிப்புக்கு (இலத்திரன் இன்னொன்றோடு இணையாக மீகடத்திக்குள் நுழைவது; கடத்துதிறன் இரட்டிப்பது இதனால்தான்) எதிர் உந்தமும் எதிர் ஸ்பினும் கொண்ட துணை இலத்திரன் வேண்டும். இரும்பில் அது போதாது, அதனால் தெறிப்பு அமுங்குகிறது. இடவியல் காவலியின் மேற்பரப்பிலோ வலப்புறம் போகும் ஒவ்வோர் இலத்திரனுக்கும் இடப்புறம் அப்படியொரு துணை இருக்கிறது. நேரமீள் சமச்சீர் (காலத்தைத் திருப்பினாலும் விதிகள் மாறாமை) குலையாதவரை அமுங்கக் காரணமில்லை.

முனைவை அளக்கும் நேரடி வழி வேறு. 5 நனோமீற்றருக்கும் மெல்லிய, மீகடத்தும் அலுமினியப் படலம், கீழே ஒட்சைட்டுச் சுரங்கத் தடுப்பு, அதற்கும் கீழே இடவியல் காவலி, 0.4 கெல்வின். படலத்துக்குச் சமாந்தரமாக 2 தெஸ்லா காந்தப்புலம் கொடுத்தால் கடத்துதிறன் வளையியின் உச்சிகள் 0.23 மில்லி இலத்திரன்வோல்ற்று பிளவுபடும். புலம் சாய்ந்தால் மீகடத்தல் நலியும். காவலியில் புலத்துக்குச் செங்குத்தாக ஓட்டம் செலுத்தி, பிறகு திசையை மாற்றுங்கள்: பிளந்த உச்சிகளின் ஏற்றத்தாழ்வு தலைகீழாக வேண்டும். சூடேற்றத்தின் விளைவு திசையோடு மாறாது. ஓட்டம் வளையி முழுவதையும் பக்கவாட்டில் நகர்த்தும். ஒப்பிடுமுன் மையத்தைச் சரிசெய்யுங்கள்.

செலினியம் வெற்றிடங்களால் பிஸ்மத் செலினைட்டின் உட்பகுதியும் கடத்தி, சைகையைக் கரைக்கும். பிஸ்மத் அந்திமனி தெலூரைட்டில் கலவை விகிதத்தை மாற்றிப் பெர்மி மட்டத்தை (இலத்திரன்கள் நிரம்பியிருக்கும் ஆற்றல் எல்லை) உட்பகுதியின் பட்டை இடைவெளிக்குள் கொண்டுவரலாம். அடுத்த மாதிரிக்கு அதையே கேளுங்கள்.