உதவி வேணும்: ‘டேக்’ எண்டா எல்லா இடத்திலயும் ‘எடு’தானா?

உல்லைப் புள்ள:
அறுகம்பையில, எங்கட பேச்சில உல்லையில, ஒரு கெஸ்ட் ஹவுஸ் ரிசப்சனில நிக்கிறன். சீசன் துடங்கிட்டு, வாறதெல்லாம் வெளிநாட்டு ஆக்கள். அவங்க கதைக்கிறது பெரும்பாலும் விளங்குது, ஆனா ஆங்கிலத்தில ‘டேக்’ (take) எண்ட சொல் வந்தா மட்டும் தடுமாறுறன். அகராதியைத் திறந்தா அந்த ஒரு சொல்லுக்கே பக்கம் பக்கமாப் போகுது. பாடமாக்கி முடியாது. இப்ப சிக்கல் தாறது இதுகள்:

‘இஸ் திஸ் சீட் டேக்கன்?’ எண்டு கேக்கிறாங்க. இருக்கச் சொல்லி ‘யெஸ், யெஸ்’ எண்டா அடுத்த மேசைக்குப் போயிடுறாங்க.

‘டூ யூ டேக் கார்ட்ஸ்?’ எண்டா கார்ட்டை நான் கையில வாங்கிறதா?

நான் போன் அடிச்சதை ‘ஐ டுக் அ கோல் டு யூ’ எண்டு சொன்னா முகத்தைப் பார்க்கிறாங்க.

துவாய் கேட்டா ‘ஐ வில் டேக் அண்ட் கம்’ எண்டு சொல்றன். சிரிக்கிறாங்க.

‘ஐ டேக் இட் யூ ஆர் ஃபுல் டுநைட்’. இதில ‘இட்’ எது? என்னத்தை எடுக்கிறாங்க?

தெரிஞ்ச ஆக்கள் ஒரு வழி சொல்லுங்க.

எழுவான்கரை ரீச்சர்:
தங்கச்சி, ‘டேக்’கைத் தனியா வச்சுப் பொருள் தேடாதீங்க. அதுக்குப் பின்னால வாற சொல்தான் பொருளைக் குடுக்குது. எங்கட ‘எடு’வும் அப்பிடித்தானே: படம் எடுக்கிறம், பசி எடுக்குது, சத்தி எடுக்கிறான், முடிவு எடுக்கிறம், சைக்கிளை வாடகைக்கு எடுக்கிறம். ஒண்டிலயும் கையால தூக்கிற வேலை இல்ல. சிக்கல் எங்க எண்டா, இந்த இரண்டு சொல்லும் சில இடத்தில ஒண்டாப் போகும், சில இடத்தில பிரிஞ்சிடும்.

ஒண்டாப் போற இடம்: படம், லீவு, நேரம், ஓய்வு. முடிவும் போகும், ‘டேக் அ டிசிஷன்’ பிரித்தானிய வழக்கில இருக்கு, ஆனா ‘மேக்’ போட்டா எங்கயும் பிழை வராது. பிரியிற இடம்: பசிக்கு ‘ஐ ஆம் ஹங்ரி’. வாடகைக்கு எடுக்கிறது ‘ரென்ட்’ அல்லது ‘ஹயர்’. சோதினையில 75 புள்ளி எடுத்தா அது ‘கொட்’, ‘டுக்’ இல்ல. மருந்து எடுக்கிறதில கூடுதலாக் கவனம் வேணும். ‘மருந்து எடுக்கப் போறன்’ எண்டு நாங்க சொல்றது டொக்டரிட்டப் போறதுக்கு. ‘ஐ ஆம் கோயிங் டு டேக் மெடிசின்’ எண்டா இப்ப குளிசையை விழுங்கப் போறன் எண்டுதான் அவங்களுக்கு விளங்கும். ‘ஐ ஆம் கோயிங் டு சீ அ டொக்டர்’ எண்டு சொல்லுங்க.

இனி உங்கட வசனங்கள். ‘இஸ் திஸ் சீட் டேக்கன்?’ எண்டா இந்தக் கதிரைக்கு ஏற்கெனவே ஆள் இருக்கா எண்டு அர்த்தம். நீங்க ‘யெஸ்’ எண்டா ஆள் இருக்கு எண்டு ஆகிடும். வெறும் ‘யெஸ்’, ‘நோ’வில தொங்காம ‘நோ, இட்ஸ் ஃப்ரீ’ எண்டு முழுசாச் சொல்லிடுங்க. ரூமுக்கும் இதேதான்: ‘ஓல் தி ரூம்ஸ் ஆர் டேக்கன்’ எண்டா எல்லா ரூமுக்கும் ஆக்கள் இருக்காங்க.

‘டூ யூ டேக் கார்ட்ஸ்?’ இதில ‘டேக்’ ஏற்கிறது. கார்ட், டொலர், முற்பணம், புக்கிங் எது வந்தாலும் இந்தப் பொருள்தான். ஆனா ஆள் மாறினா வினைச்சொல்லும் மாறும். புக்கிங்கை விருந்தினர் ‘மேக்’ பண்ணுவார், நீங்க ‘டேக்’ பண்ணுவீங்க. ஒருத்தருக்குத் தகவல் விட்டா, விடுறவர் ‘லீவ் அ மெசேஜ்’, குறிச்சு வைக்கிறவர் ‘டேக் அ மெசேஜ்’.

கோல் விசயத்தில தமிழ் உங்களை நேர் எதிர்ப்பக்கம் கொண்டு போகுது. நாங்க ‘கோல் எடுத்தனான்’ எண்டா நாங்கதான் அடிச்சது. ஆங்கிலத்தில ‘ஐ டுக் த கோல்’ எண்டா வந்த கோலுக்கு நான் பதில் சொன்னன். அடிச்சதுக்கு ‘ஐ கோல்ட் யூ’ போதும், பின்னால ‘டு’வும் வேணாம்.

‘டேக் அண்ட் கம்’ எண்டது ‘எடுத்துக்கொண்டு வாறன்’ எண்டதை ஒவ்வொரு சொல்லா மாத்தினதால வாறது. ஆங்கிலத்தில அதுக்கு ஒரே சொல் ‘ப்ரிங்’. ‘கொண்டு போ’வுக்கு ‘டேக்’, ‘கொண்டு வா’வுக்கு ‘ப்ரிங்’. விருந்தினர் ரூமில இருந்து போன் பண்ணினா ‘ஐ வில் ப்ரிங் த டவல்ஸ்’, ஏனெண்டா நீங்க அவர் இருக்கிற இடத்துக்கு வாறீங்க. அதையே பக்கத்தில நிக்கிற பெடியனிட்டச் சொல்லி அனுப்பினா ‘டேக் தீஸ் டவல்ஸ் டு ரூம் 4’. தமிழிலயும் இந்தப் போக்குவரத்துக் கணக்கு இதேமாதிரி இருக்கிறதால, மனசில முதல்ல ‘போ’வா ‘வா’வா எண்டு பார்த்திட்டு வாயைத் திறந்தாப் போதும்.

‘ஐ டேக் இட்’டில வாற ‘இட்’ தனிப் பொருள் ஒண்டும் இல்ல, பின்னால வாற முழு வசனத்தைக் காட்டுது. எங்கட ‘போல’தான் அது. ‘இண்டைக்கு ரூம் ஒண்டும் இல்லப் போல, என்ன?’ எண்டு கேக்கிறார். ‘யெஸ், ஐ ஆம் அஃப்ரெய்ட் வீ ஆர்’ எண்டு பதில் சொல்லலாம்.

கல்முனை நானா:
ரீச்சர் சொன்னதுக்கு மேல, கவுண்டரில அடிக்கடி வாறதுகளைச் சொல்றன்.

பாதை சொல்லேக்க ‘டேக் த செகண்ட் லெஃப்ட்’ எண்டா இடப்பக்கம் வாற இரண்டாவது ஒழுங்கைக்குள்ள கிறுகிறது. ‘டேக் த பஸ்’ எண்டா பஸ்ஸில போறது. தூரம் கேட்டா கிலோமீற்றரை விட நேரத்தைச் சொல்றதுதான் அவங்களுக்கு உதவும்: ‘இட் டேக்ஸ் அபவுட் டென் மினிட்ஸ் டு பொத்துவில் பை த்ரீ வீல்’. இதில ‘இட் இஸ் டேக்கிங்’ எண்டு இழுக்கிற பழக்கம் எங்கட ஆக்களிட்ட இரிக்கு. வழமையா ஆகிற நேரத்துக்கு ‘டேக்ஸ்’ மட்டும். இண்டைக்குப் பாலத்தில வேலை நடந்து சுணங்குது எண்டாத்தான் ‘இட்ஸ் டேக்கிங் லோங்கர் டுடே’. ஆள் சேர்த்துச் சொல்ல வேணுமெண்டா நடுவில போடுங்க: ‘இட் டுக் மீ ஆன் அவர்’.

‘டூ யூ டேக் சுகர்?’ எண்டா தேத்தண்ணிக்குச் சீனி போடுவீங்களா. ‘ஹவ் மெனி டஸ் இட் டேக்?’ எண்டு வேனைக் காட்டிக் கேட்டா எத்தின பேர் கொள்ளும் எண்டு. பிளக் பொயின்டைக் காட்டி ‘வட் ப்ளக் டஸ் இட் டேக்?’ எண்டா எந்த ஊசிப் பிளக் இதில போகும் எண்டு. இதெல்லாம் ‘கொள்ளும், ஏற்கும்’ எண்ட ஒரே குடும்பம்.

சாப்பாட்டு மேசையில ‘டேக் அவே’ எண்டு சொல்லேக்க கவனம். ‘கேன் ஐ டேக் திஸ் அவே?’ எண்டு நீங்க கேட்டா கோப்பையைக் கழுவக் கொண்டு போகலாமா எண்டு அர்த்தம். அவர் ‘கேன் ஐ ஹேவ் இட் டு டேக் அவே?’ எண்டு கேட்டா பார்சல் வேணும். அரைவாசி கொத்து கிடக்கிற கோப்பையில இந்த இரண்டும் மாறினா கோவம் வரும். அமெரிக்காக்காரர் பார்சலுக்கு ‘டேக் அவுட்’ அல்லது ‘டு கோ’ எண்டுவாங்க.

பில்லில ‘டேக் இட் ஓஃப்’ எண்டா அந்தக் கணக்கைக் கழிச்சிடு. ‘கேன் யூ டேக் 10 பெர்சன்ட் ஓஃப்?’ விலைக் குறைப்பு. ‘ஐ வில் டேக் கெயார் ஒவ் த பில்’ எண்டு ஒருத்தர் சொன்னா அவர்தான் காசு கட்டப் போறார், பில்லைப் பத்திரமா வைக்கப் போறார் எண்டு இல்ல.

ஒண்டு மட்டும் வாயில வரப்படாது: ‘டேக் இட் ஓ லீவ் இட்’. ‘வேணுமெண்டா எடு, இல்லாட்டிப் போ’ எண்ட தொனி. விலை பேசேக்க இதைச் சொன்னா வந்த ஆள் அடுத்த விடுதிக்குப் போயிடுவார். ‘தட்ஸ் அவர் பெஸ்ட் ப்ரைஸ்’ எண்டு முடிச்சிடுங்க.

உல்லைப் புள்ள:
நானா, ரீச்சர், பெரிய உபகாரம். இன்னும் இரண்டு கேள்வி. செருப்பைக் கழட்டச் சொல்ல ‘ப்ளீஸ் டேக் ஓஃப் தெம்’ எண்டு போர்ட்டில எழுதியிருக்கம். ஒருத்தர் பிழை எண்டார். மற்றது, எங்கட இடத்தில சேர்ஃபிங் பழக்கிற பெடியன் ‘ஐ டேக் லெசன்ஸ் எவ்ரி மோர்னிங்’ எண்டு சொன்னா, ‘உனக்கு யார் பழக்கிறது?’ எண்டு கேக்கிறாங்களாம். ஏன்?

படுவான்கரை:
பிழைதான். ‘ஓஃப்’, ‘அவுட்’, ‘அவே’, ‘பேக்’ மாதிரிச் சின்னச் சொல் ‘டேக்’கோட ஒட்டி வந்தா, ‘இட்’, ‘தெம்’, ‘ஹிம்’ எண்டுற பிரதிப்பெயர் கட்டாயம் நடுவில வரும்: ‘டேக் தெம் ஓஃப்’. பெயர்ச்சொல் எண்டா இரண்டு பக்கமும் ஓடும்: ‘டேக் ஓஃப் யுவர் ஷூஸ்’, ‘டேக் யுவர் ஷூஸ் ஓஃப்’. உங்கட போர்ட்டுக்கு ‘ப்ளீஸ் டேக் ஓஃப் யுவர் ஷூஸ்’ எண்டு எழுதினா முடிஞ்சுது. ‘ஆஃப்டர்’, ‘டு’ எண்ட இரண்டும் இந்தச் சட்டத்துக்கு வராது. ‘ஷீ டேக்ஸ் ஆஃப்டர் ஹெர் மதர்’ எண்டா தாயைப் போல இருக்கிறாள். ‘டேக்ஸ் ஹெர் ஆஃப்டர்’ எண்டு உடைக்கேலாது. ‘ஐ டுக் டு ஹிம்’ எண்டா அவரைப் பார்த்த உடனே பிடிச்சுப் போச்சு.

லெசன் விசயம்: கற்கிறவர் ‘டேக்’, கற்பிக்கிறவர் ‘கிவ்’. அதால அந்தத் தம்பி தன்னை மாணவனாக் காட்டுறார். ‘ஐ கிவ் சேர்ஃப் லெசன்ஸ்’ அல்லது ‘ஐ டீச் சேர்ஃபிங்’ எண்டு சொல்லச் சொல்லுங்க. பாடசாலையில ‘ரீச்சர் க்ளாஸ் டேக் பண்ணுறா’ எண்டு நாங்க பழகினது பிரித்தானிய வழக்கில செல்லும், அமெரிக்காக்காரருக்குத் தலைகீழாக் கேக்கும். இன்னொண்டு: விருந்தினர் ‘ஐ வோன்ட் டு டேக் அப் சேர்ஃபிங்’ எண்டா புதுசாத் துடங்க ஆசை, அவர்தான் உங்கட பெடியனுக்கு வாடிக்கை. அலையில ஏறி எழும்புற அந்தக் கணத்துக்கு அவங்க ‘டேக் ஓஃப்’ எண்டுதான் சொல்றது. விமானம் கிளம்புறதுக்கும் அதே சொல்.

வடிவம்: டேக், டுக், டேக்கன். ‘ஐ ஹேவ் டுக்’ எண்டு வரவே வராது. இந்தச் சொல் ஆங்கிலத்துக்குச் சொந்தமும் இல்ல. ஸ்கன்டினேவியர் வந்து குடியேறின காலத்தில அவங்கட ‘டாக்கா’வில இருந்து நுழைஞ்சது. முந்தி இருந்த சொல் ‘நிமன்’, ஜெர்மன்காரரிட்ட இண்டைக்கும் ‘நேமன்’ எண்டு உயிரோட இருக்கு. ஆங்கிலத்தில அது செத்துப் போய், விறைச்சுப் போறதைச் சொல்ற ‘நம்’ (numb) மாதிரிச் சில சொல்லில மட்டும் ஒட்டிக் கிடக்கு. கவுண்டருக்கு இது தேவையில்ல, சும்மா சொன்னன்.

எழுவான்கரை ரீச்சர்:
தம்பி சொன்ன சின்னச் சொல் பட்டியலில விடுதிக்கு இன்னும் இரண்டு வேணும். ‘டேக் ஓவர்’: ஷிஃப்ட் மாறேக்க ‘ஐ டேக் ஓவர் அட் சிக்ஸ்’. ‘டேக் இன்’ இரண்டு பக்கம் வெட்டும்: மழை வந்தா காயப்போட்ட உடுப்பை உள்ளுக்கு எடுக்கிறதும் அது, ‘ஐ வோஸ் டேக்கன் இன்’ எண்டா ஏமாந்து போனன் எண்டதும் அது.

சாப்பாடு, குளியலுக்கு ‘டேக்’ போடுற பழக்கத்தைக் குறையுங்க. ‘ஹேவ் யூ டேக்கன் டின்னர்?’ எண்டா விளங்கும், ஆனா பழைய கடிதம் வாசிக்கிற மாதிரி இருக்கும். ‘ஹேவ் யூ ஹேட் டின்னர்?’ நல்லது. குளிக்கிறதுக்குப் பிரித்தானியர் ‘ஹேவ் அ ஷவர்’, அமெரிக்கர் ‘டேக் அ ஷவர்’. இரண்டும் சரி.

உல்லைப் புள்ள:
ரீச்சர், நானே எழுதிப் பார்த்தன், திருத்துங்க.
1) ‘வீ டேக் கார்ட்ஸ், பட் வீ டோன்ட் டேக் டொலர்ஸ்.’
2) ‘யுவர் ஃப்ரென்ட் டுக் அ கோல். ஐ டுக் அ மெசேஜ்.’
3) ‘டேக் யுவர் டைம், செக் அவுட் இஸ் அட் லெவன்.’
4) ‘த டிரைவர் வில் ப்ரிங் யூ டு பாணமை.’

எழுவான்கரை ரீச்சர்:
1 சரி. 2இல முதல் பாதி ‘யுவர் ஃப்ரென்ட் கோல்ட்’, இரண்டாம் பாதி சரி. 3 சரி, ‘அவசரமில்ல, ஆறுதலாச் செய்யுங்க’ எண்ட நல்ல தொனி. ஆனா 11 மணி தாண்டின பிறகு இதைச் சொல்லாதீங்க, குத்திக் காட்டுற மாதிரிப் போயிடும். 4இல நீங்களும் விருந்தினரும் நிக்கிறது உல்லையில, பாணமை அங்கால இருக்கு. ‘கூட்டிக்கொண்டு போவார்’, அதால ‘டேக்’. பின்னேரம் திருப்பிக் கூட்டிக்கொண்டு வாறதுக்குத்தான் ‘ஹீ வில் ப்ரிங் யூ பேக் பை சிக்ஸ்’.