ஒரே 5 சதவீதம்தான். உப்பில் சுருங்கிய ரியோ செல் சர்க்கரையில் ஏன் சுருங்கவில்லை?

பதினொன்றாம் வகுப்பு மாணவி:

அனைவருக்கும் வணக்கம். தாவரவியல் செய்முறை வகுப்பில் ரியோ (Rhoeo) என்ற செடியின் இலையின் அடிப்புறத்திலிருந்து ஊதா நிறப் புறத்தோலை உரித்து, ஒரு துண்டை 5 சதவீத உப்புக் கரைசலிலும் மற்றொன்றை 5 சதவீதச் சர்க்கரைக் கரைசலிலும் இட்டு நுண்ணோக்கியில் பார்த்தோம். உப்பில் இருந்த செல்களில் ஊதா நிறப் பகுதி செல்சுவரை விட்டு விலகி நடுவில் திரண்டது. சர்க்கரையில் இருந்தவையோ வெறும் நீரில் இருந்தவற்றைப் போலவே நிறைந்திருந்தன. செறிவு ஒன்றாக இருக்கும்போது விளைவு ஏன் வேறுபடுகிறது? மேலும், சுவருக்கும் சுருங்கிய பகுதிக்கும் இடையில் இருப்பது வெற்றிடமா, செல்லிலிருந்து வெளியேறிய நீரா?

தாவரவியல் ஆசிரியர்:

நன்றாகக் கவனித்திருக்கிறீர்கள். சதவீதம் எடையைச் சொல்கிறது. சவ்வூடு பரவலை, அதாவது சவ்வின் வழியே நீர் நகர்வதை, தீர்மானிப்பதோ கரைந்துள்ள துகள்களின் எண்ணிக்கை. ஒரு லிட்டரில் 50 கிராம் சர்க்கரை என்பது, அதன் மூலக்கூறு எடை 342 ஆகையால், ஏறத்தாழ 0.15 மோலார்தான் (லிட்டருக்கு 0.15 மோல்). அதே 50 கிராம் உப்பு, 58.5 என்ற எடையால் வகுத்தால் 0.85 மோலாருக்குச் சற்று மேல். அதுவும் சோடியம், குளோரைடு என இரண்டு அயனிகளாகப் பிரிவதால் துகள்களின் செறிவு 1.7 மோலாரை எட்டுகிறது. ஆகவே உங்கள் உப்புக் கரைசல் சர்க்கரைக் கரைசலைவிடப் பதினொரு மடங்குக்கும் மேல் வலிமையானது. வெப்பநிலை 25 டிகிரி எனக் கொண்டால், சர்க்கரைக் கரைசலின் நீரியல் திறன் சுமார் –0.36 மெகாபாஸ்கல், உப்பினுடையது –4.2 அளவில் வரும். நீர் எப்போதும் இத்திறன் அதிகமான இடத்திலிருந்து குறைவான இடத்துக்கே செல்லும். ரியோ செல்சாற்றின் திறன் இவ்விரண்டுக்கும் இடையில் இருப்பதால்தான் ஒன்றில் சுருக்கமும் மற்றதில் நிறைவும் கண்டீர்கள்.

டச்சுத் தாவரவியலாளர் ஹியூகோ டி விரிஸ் 1880களில் வெவ்வேறு கரைசல்களின் வலிமையை ஒப்பிட்டதும் இதே செடியின் புறத்தோலைக் கொண்டுதான். அவருடைய அளவீடுகளும், ஜெர்மானியத் தாவரவியலாளர் பெஃபர் 1877இல் வெளியிட்ட அளவீடுகளும் டச்சு வேதியியலாளர் வான்ட் ஹாஃபின் சவ்வூடு பரவல் அழுத்தக் கோட்பாட்டுக்கு அடித்தளமாயின.

முதுநிலைத் தாவரவியல் மாணவர்:

இரண்டாவது கேள்விக்கு என் விடை: அந்த இடைவெளியில் இருப்பது வெளியே நீங்கள் ஊற்றிய அதே கரைசல். செல்லுலோஸ் சுவர் நீரையும் கரைபொருளையும் தடையின்றி விடுகிறது. தடுப்பது பிளாஸ்மா சவ்வு மட்டுமே. வெங்காயத்தின் நிறமற்ற உள்தோலை வலிமையான சர்க்கரைக் கரைசலில் சிறிது ஈயோசின் சாயம் கலந்து வைத்துப் பாருங்கள். இடைவெளி சிவக்கும், உள்ளே சுருங்கிய பகுதி நிறமின்றி நிற்கும். தேர்வுக்காக மனப்பாடம் செய்வதைவிட இதை ஒருமுறை கண்ணால் காண்பது மேல்.

இன்னொன்றும் செய்யத் தகுந்தது. சர்க்கரைக்குப் பதில் கிளிசரால் கரைசலை இட்டால் செல் முதலில் சுருங்கும். பிறகு, கரைசலை மாற்றாமலேயே, மெல்ல விரியும். கிளிசரால் சவ்வின் வழியே சிறிது சிறிதாக உள்ளே பரவ, அதைத் தொடர்ந்து நீரும் நுழைவதே காரணம். பரவலும் சவ்வூடு பரவலும் ஒரே செல்லில் அடுத்தடுத்து நிகழ்வதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சோதனை பள்ளி ஆய்வகத்தில் இல்லை என்பது என் கருத்து.

பதினொன்றாம் வகுப்பு மாணவி:

மிக்க நன்றி. உப்பில் இருந்த துண்டை மறுநாள் நீருக்கு மாற்றியபோது செல்கள் மீண்டும் நிறையவில்லை. ஊதா நிறம் நீரில் கலந்து செல்கள் வெளிறிவிட்டன. இது ஏன்?

தாவரவியல் ஆசிரியர்:

அவை இறந்துவிட்டன. ஊதா நிறம் தரும் ஆந்தோசயனின் நிறமி, செல்லுக்குள் செல்சாறு நிறைந்த பையான வாக்குவோலில் இருக்கிறது. சவ்வுகள் உயிருடன் இருக்கும்வரை அது வெளியேறாது. சவ்வு சிதைந்தபின் நடப்பது வெறும் பரவல்தான். அடுத்த முறை 0.1 முதல் 0.6 மோலார் வரை சர்க்கரைக் கரைசல்களை வரிசையாகத் தயாரித்து, ஒவ்வொன்றிலும் இருபது நிமிடம் வைத்து, சுருங்கிய செல்களை எண்ணுங்கள். பாதிச் செல்கள் சுருங்கத் தொடங்கும் செறிவில் விறைப்பழுத்தம் (செல்லின் உள்ளடக்கம் சுவரை அழுத்தும் அழுத்தம்) சராசரியாகச் சுழியம் எனக் கொள்வதால், அக்கரைசலின் நீரியல் திறனே செல்சாற்றின் கரைபொருள் திறனுக்கு, அதாவது கரைந்த துகள்களால் வரும் நீரியல் திறனுக்கு, ஈடாகும். எண்ணியவுடன் துண்டைக் காய்ச்சி வடித்த நீருக்கு மாற்றிவிட்டால், செல்கள் மீண்டும் நிறைவதையும் அதே வகுப்பில் பார்த்துவிடலாம்.