‘ஈக்கோபொயட்ரி’: ‘திரிதிணைக் கவிதை’ என்னும் சொல்லை முன்மொழிகிறேன்

அன்புடையீர், வணக்கம்.

சூழலியல் நோக்கில் எழுதப்படும் கவிதையை ஆங்கிலத்தில் ‘ஈக்கோபொயட்ரி’ (ecopoetry) என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்ற நம் உரையாடலில் இதுவரை முன்வைக்கப்பட்ட இயற்கைக் கவிதை, பசுமைக் கவிதை, சுற்றுச்சூழல் கவிதை, திணைக் கவிதை ஆகிய நான்கையும் என் மாணவர்களின் கவிதைகளுக்குத் தலைப்பாக வைத்துப் பார்த்தேன். நான்கும் ஏன் நிறைவு தரவில்லை என்பதையும், வேறொரு சொல் ஏன் தோன்றியது என்பதையும் எழுதுகிறேன்.

2015இல் இந்தோனேசியாவின் சுமத்ராவிலும் கலிமந்தானிலும் எரிந்த கரிமண் நிலங்களின் புகை கோலாலம்பூரை மூடியபோது பள்ளிகளுக்குச் சில நாள் விடுமுறை விட்டார்கள். மீண்டும் வகுப்பு கூடிய மாலையில், பதினொரு வயது மாணவி ஒருத்தி தன் வீட்டு மாடியிலிருந்து கண்ட காலையைக் கவிதையாக்கி வந்தாள். எதிர்வரிசை அடுக்குமாடிகளை மார்கழிப் பனி மெல்ல விழுங்குவதாக எழுதியிருந்தாள். உவமை நன்றாக இருந்தது, நானும் பாராட்டினேன். வீட்டுக்கு வந்து, சன்னல் விளிம்பில் படிந்திருந்த சாம்பலை ஈரத்துணியால் துடைக்கும்போதுதான் உறைத்தது: அவள் பாடியது பனியை அன்று, எரிந்துபோன காட்டை. ‘இயற்கைக் கவிதை’ என்னும் பெயர் அந்தப் பிழையைக் காணவிடாமல் எங்கள் இருவர் கண்ணையும் மறைத்துவிட்டது. நிலத்துக்கு நேர்ந்ததைச் சொல்லும் கவிதைக்கும் நிலத்தின் அழகைச் சொல்லும் கவிதைக்கும் இடையே கோடு போடாத சொல் நமக்குப் பயன்படாது.

‘பசுமை’யும் அப்படியே. கோலாலம்பூர் விமான நிலையம் இருக்கும் சிப்பாங்கில் விமானம் தாழும்போது கீழே தெரிவதெல்லாம் பசுமைதான். ஆனால் அது வரிசை பிசகாத செம்பனை (எண்ணெய்ப்பனை), அங்கே முன்பு நின்ற காட்டின் பசுமை அன்று. ‘சுற்றுச்சூழல்’ என்றால் நடுவில் மனிதன், அவனைச் சுற்றி மற்றவை என்று ஆகிவிடுகிறது. 1866இல் ஜெர்மானிய உயிரியலாளர் ஏர்ன்ஸ்ட் ஹெக்கல் சூழலியலுக்குப் பெயரிட்டபோது எடுத்துக்கொண்ட, ‘ஈக்கோ’வுக்கு மூலமான கிரேக்கச் சொல்லுக்கு ‘வீடு’ என்பது பொருள். நிலம், குடி, ஒழுக்கம், வீடு ஆகிய பொருள்களை ஒருசேரத் தரும் நம் ‘திணை’ அதற்கு மிக அருகில் நிற்கிறது. இந்த உறவைச் சூழலியல் திறனாய்வாளர் நிர்மல் செல்வமணி முன்பே விரிவாக ஆய்ந்திருக்கிறார். ஆகவே திணையை விட்டுவிட எனக்கு மனமில்லை.

ஆனால் வெறும் ‘திணைக் கவிதை’ என்றால் சங்கப் பாடலும் அதில் அடங்கிவிடும். இந்த உரையாடலில் ஈப்போ நண்பர் கேட்ட கேள்வியும் நியாயமானது: நம் தாத்தாமார் வேலை செய்த கித்தாக் காடு (ரப்பர்த் தோட்டம்) எந்தத் திணை? அமேசான் காட்டு மரம் 1877இல் கோலகங்சாரில் கன்றாக நடப்பட்டு, பிறகு காடு காடாகப் பரவியது. அதைக் குறிஞ்சிக்கோ முல்லைக்கோ கருப்பொருளாக்க, அதாவது அந்நிலத்துக்கே உரிய மரமாகக் கொள்ள, முடியாது. ‘திணைமயக்கக் கவிதை’ என்றும் ஒருவர் எழுதியிருந்தார். திணை மயங்கலாம், நிலங்கள் ஒருங்கே மயங்குவதில்லை என்று வரையறுத்த தொல்காப்பியம் அச்சொல்லுக்குத் தனிப்பொருள் கொடுத்துவிட்டது. அதை நாம் எடுத்தாண்டால் இலக்கணம் படிப்பவர்கள் குழம்புவார்கள்.

இன்று மாறுவது நிலமேதான். அதற்கான ‘திரிதல்’ என்னும் வினைச்சொல்லை இளங்கோவடிகள் தந்திருக்கிறார். சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதையில் ‘முல்லையும் குறிஞ்சியும் முறைமையின் திரிந்து / நல்லியல்பு இழந்து நடுங்குதுயர் உறுத்துப் / பாலை என்பதோர் படிவம் கொள்ளும்’ என்கிறார்; முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டு, துயர் தரும் பாலையாக வடிவம் கொள்ளும் என்பது பொருள். அதற்கு முந்தைய அடிகளில், அரசனும் அவன் தொழிலாளரும் முறைகோடியதால் ஆட்சிநலம் இழந்த நாட்டை இதற்கு உவமையாக வைக்கிறார். நிலத்தின் கேட்டையும் ஆட்சியின் கேட்டையும் ஒரே மூச்சில் சொல்கிற இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு உடல் சிலிர்க்கும்.

ஆகவே என் முன்மொழிவு ‘திரிதிணைக் கவிதை’. இது வினைத்தொகை. திரிந்த திணை, திரிகின்ற திணை, திரியும் திணை என முக்காலத்தையும் ஒரே சொல் தாங்குகிறது. அழிந்த காட்டுக்கான இரங்கலும், கண்ணெதிரே கலங்கும் ஆறும், வரப்போவது பற்றிய அச்சமும் அதில் அடங்கும். வினைத்தொகையில் வல்லினம் மிகாது என்பதால் ‘திரித்திணை’ என்று எழுதிவிடக் கூடாது.

‘திரிதல்’ பொதுமக்களுக்குப் புரியுமா என்ற ஐயம் எழலாம். ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய (பால் எடுக்கப் பட்டை சீவிய) என் அம்மா விடியுமுன் மரத்துக்குப் போவார். வெட்டு முடியும் நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால் பால் வடியும் மங்கில் (கிண்ணத்தில்) நீர் விழுந்து பால் கெட்டியாகித் தரம் கெடும். அன்றைய உழைப்பில் பாதி போய்விடும். வீட்டுக்கு வந்து, ‘இன்னிக்குப் பாலு திரிஞ்சு போச்சுய்யா’ என்பார். அடுப்பில் பசும்பால் கெட்டாலும் அதே சொல்தான். இருந்த பொருள் அப்படியே இருக்க அதன் இயல்பு மட்டும் கெட்டுப்போவதை இவ்வளவு துல்லியமாகச் சொல்லும் வேறு வினை நம் வீடுகளில் இல்லை.

உலகம் முழுவதும் மாறும் காலநிலையைத் திணைக்குள் எப்படி அடக்குவது என்று பினாங்கு ஆசிரியை கேட்டிருந்தார். திணைக்கு அடிப்படையான முதற்பொருள் என்பது நிலமும் பொழுதும் சேர்ந்தது. பருவமழை தவறுவதும் வெயில் கூடுவதும் பொழுது திரிதல். அவர் ஊரில் தஞ்சோங் தோக்கோங் கடலைத் தூர்த்துக் கட்டடம் எழுப்பியது நிலம் திரிதல். நம் மீது கவிந்த புகையில் இரண்டும் கலந்திருந்தன.

‘செய்தியைத் திரித்தான்’ என்னும் வழக்கால் பொய் என்ற சாயல் ஒட்டிக்கொள்ளும் என்று அவரே தனிமடலில் எச்சரித்தார். எனக்கு அது தடையாகத் தோன்றவில்லை. திணை தானாகத் திரிவதில்லை, யாரோ திரிக்கிறார்கள். பிறவினையின் நிழல் அந்தச் சொல்லின் மேல் விழுந்தே இருக்கட்டும்.

அகராதிக் குறிப்பாக இதை வைக்கலாம்: ‘திரிதிணைக் கவிதை: மனிதச் செயலால் நிலமும் பொழுதும் இயல்பு கெடுவதை, அங்கு வாழும் உயிர்களோடு சேர்த்துப் பாடும் கவிதை.’ ‘மனிதச் செயலால்’ என்பதை நீக்கச் சிலர் விரும்பக்கூடும்; நான் அதை விட்டுக்கொடுக்க மாட்டேன். ‘உயிர்களோடு’ என்பதில் ஆற்றையும் மலையையும் எப்படிச் சேர்ப்பது என்பதற்குத்தான் உங்கள் உதவி வேண்டும்.