எல்இடிக்கு மாறியதும் மான்டிபோரா பவளம் வெளுக்கிறது: லைட்டைக் குறைப்பதா, வேண்டாமா?

கடல்விசிறி
சிங்கப்பூரில் பவளம் வளர்க்கும் இரண்டடிக் கடல்நீர்த் தொட்டி, சுமார் 110 லிட்டர். மூன்று வருடம் டி5 குழல் விளக்கில் நன்றாக ஓடியது. மூன்று வாரத்துக்கு முன் எல்இடி மாட்டினேன். தண்ணீருக்கு மேல் 20 செ.மீ. உயரம், நீலம் 70 சதவீதம், வெள்ளை 40, தினமும் 10 மணி நேரம். கண்ணுக்குப் பழைய விளக்கைவிட மங்கலாகத் தெரிந்ததால் கூட்டிக்கொண்டே போனேன். இப்போது உச்சிப் பாறையில் இருக்கும் மான்டிபோராவின் மேல்பக்கம் வெளுத்துவிட்டது. நிழல் விழும் அடிப்பக்கம் மட்டும் ஊதா நிறத்திலேயே இருக்கிறது. நடுப் பாறையில் உள்ள டார்ச் பவளம் காலையில் விரிந்து மதியத்துக்குள் சுருங்கிவிடுகிறது. வெப்பநிலை 26, உப்பு 35, அல்கலினிட்டி (தண்ணீர் அமிலத்தைத் தாங்கும் திறன்) 8.5. நைட்ரேட், பாஸ்பேட் இரண்டும் பூஜ்யம். என்ன செய்யலாம்?

ஆழிமுத்து
இன்றைக்கே பாதியாகக் குறையுங்கள். நீல ஒளி நம் கண்ணுக்கு மங்கலாகத்தான் தெரியும். ஆனால் பவளத்தின் திசுவுக்குள் வாழும் பாசிக்கு அதுதான் முதல் தரச் சாப்பாடு. அளவு மிஞ்சினால் அந்தப் பாசி நச்சுத்தன்மையுள்ள ஆக்சிஜன் வகைகளை உண்டாக்கும். அதைத் தாங்க முடியாமல் பவளம் பாசியை வெளியே தள்ளிவிடும். வெளுப்பு என்பது அதுதான். மேலே வெள்ளை, நிழலில் ஊதா என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். இதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டுமா?

உப்புக்காற்று
நான் மறுக்கிறேன். எல்லாரும் லைட்டையே பார்க்கிறோம், பூஜ்யம் பூஜ்யம் என்று எழுதியிருப்பதை யாரும் கவனிப்பதில்லை. நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் இல்லாத தண்ணீரில் பாசிக்குத் தன்னைப் பழுதுபார்த்துக்கொள்ளப் பொருள் கிடையாது. அப்போது சாதாரண வெளிச்சம்கூடச் சுடும். பாஸ்பேட் உறிஞ்சியை எடுங்கள், மீனுக்கு உணவைக் கூட்டுங்கள். நைட்ரேட் 5, பாஸ்பேட் 0.05 பக்கம் வரட்டும். வெப்பமண்டலக் கடலின் மேல்மட்டத்தில் நண்பகலில் ஒளி 2000 மைக்ரோமோல் (பாசிக்குப் பயன்படும் ஒளியின் அலகு) பக்கம் போகிறது. அங்கேயும் மான்டிபோரா வளர்கிறதே! மூன்று வாரத்தில் மறுபடியும் வெளிச்சத்தை மாற்றினால் அது இன்னொரு அதிர்ச்சி.

ஆழிமுத்து
கடல் கணக்கு இங்கே பொருந்தாது நண்பரே. அந்த 2000 தண்ணீர்ப் பரப்பில், உச்சி வேளையில் மட்டும். காலையும் மாலையும் இறங்கிவிடும், நடுவில் மேகம் வரும், ஆழம் போகப் போகக் குறையும். நம் எல்இடி காலையில் ஏறினால் இரவு வரை ஒரே அளவில் நிற்கிறது. அப்புறம், ஆழமற்ற திட்டில் வளர்ந்த பவளம் சிறு வயதிலிருந்தே அந்த வெயிலுக்குப் பழகியது. இவருடையது மூன்று வருடம் குழல் விளக்கில் இருந்தது. உணவைக் கூட்டுவதை நான் எதிர்க்கவில்லை. ஆனால் நைட்ரேட் ஏற வாரக்கணக்கில் ஆகும், அதுவரை திசு தாங்காது.

உப்புக்காற்று
சரி, பாதி என்றால் எதில் பாதி? சதவீதம் ஓர் அளவே இல்லை. ஒரு விளக்கின் 30 இன்னொன்றின் 80-க்குச் சமமாக இருக்கும். மேலிருந்து பயந்து பயந்து குறைத்தவன் நான். ஐந்து மாதம் 25 சதவீதத்தில் வைத்தேன். என் அக்ரோபோரா பவளங்கள் எல்லாம் காப்பிப்பொடி நிறமாகிவிட்டது. ஒளி போதாதபோது உள்ளே பாசி பெருகிப் பவளத்தின் சொந்த நிறத்தை மூடிவிடும். வளர்ச்சியும் நின்றுபோனது. அந்தத் தவற்றை இவரும் செய்ய வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். பார் மீட்டர் (அந்த மைக்ரோமோல் ஒளியை அளக்கும் கருவி) இரவல் வாங்கி, பவளம் இருக்கும் இடத்திலேயே உணரியை வைத்து அளக்கச் சொல்லுங்கள். கைபேசிச் செயலி வேண்டாம், நீல ஒளியை அது குறைத்துக் காட்டும்.

புதுஅலை
நான் சென்னை. இப்போதுதான் கடல்நீர்த் தொட்டி தொடங்குகிறேன். இந்த மான்டிபோரா இங்கே கிடைக்குமா?

ஆழிமுத்து
வேண்டாம் தம்பி. மான்டிபோரா உட்படக் கல் பவளங்கள் எல்லாமே வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. மன்னார் வளைகுடாத் திட்டுகள் வெப்பத்தில் வெளுத்து ஏற்கெனவே நிறைய இழந்துவிட்டன. யாராவது விற்றாலும் வாங்காதீர்கள். மீன் மட்டும் வைத்துத் தொடங்குங்கள், அதிலேயே கற்க நிறைய இருக்கிறது.

கடல்விசிறி
மீட்டர் கிடைத்தது. மான்டிபோரா இடத்தில் 390 மைக்ரோமோல், டார்ச் இடத்தில் 240, மணலில் 90.

ஆழிமுத்து
டார்ச்சுக்கு 100 முதல் 150 போதும். 240 அதிகம். மதியம் சுருங்குவதற்குக் காரணம் இதுதான் என்பேன்.

உப்புக்காற்று
டார்ச் விஷயத்தில் ஒப்புக்கொள்கிறேன், அதை மணல் பக்கம் இறக்குங்கள். ஆனால் 390 என்பது பழகிய மான்டிபோராவைக் கொல்லும் அளவு இல்லை. இதைவிட அதிக ஒளியில் அதை வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் தண்ணீரில் நைட்ரேட் இருக்கும்.

ஆழிமுத்து
"பழகிய" என்ற சொல்லை நீங்களே போட்டுவிட்டீர்கள். இது பழகாதது. 200-க்கு இறக்கி, வாரத்துக்கு ஐந்து சதவீதம் ஏற்றுங்கள். விளக்கு எரிவதையும் எட்டு மணி நேரமாக்குங்கள். மொத்தக் கணக்கில் அதுவும் பெரிய குறைப்பு.

கடல்விசிறி
ஆறு வாரம் கழித்து எழுதுகிறேன். நீலத்தை 40-க்கும் வெள்ளையை 20-க்கும் இறக்கினேன், அங்கே 210 வந்தது. நேரம் எட்டு மணி. உறிஞ்சியை எடுத்துவிட்டு ஒரு வேளை உணவும் கூட்டினேன். நைட்ரேட் இப்போது 5. டார்ச் மணலோரத்தில் மாலை வரை விரிந்தே நிற்கிறது. மான்டிபோராவின் ஓரங்களில் ஊதா திரும்பிவிட்டது. உச்சியில் இரண்டு விரல் அகலத்துக்குத் திசு செத்துப் பச்சைப் பாசி படிந்துவிட்டது, அந்தத் துண்டை வெட்டி எடுத்தேன். இன்னும் ஒளியை ஏற்றவில்லை, பயமாக இருக்கிறது.

ஆழிமுத்து
ஓரம் தேறியதே பெரிய சந்தோஷம். ஏற்றலாம், மெதுவாக.

உப்புக்காற்று
எனக்கும் மகிழ்ச்சி. ஆனால் இரண்டையும் சேர்த்து மாற்றியதால் காப்பாற்றியது எது என்று இருவருமே சொல்ல முடியாது. ஒரு வேண்டுகோள்: உணவை இதே அளவில் நிறுத்திவிட்டு ஒளியை மட்டும் ஏற்றுங்கள். 300 தாண்டியதும் மேல்பக்கத்தைப் படம் எடுத்து இங்கே போடுங்கள்.