உருக்குத் தகட்டில் கழியொலி: குறுக்கலைத் தெறிப்பு பிந்தி வருகிறது, உதவி தேவை

கிளி_மாணவன்:
வணக்கம். கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் படிக்கிறேன். இரணைமடு வான்கதவு போன்ற பெரிய உருக்கு வேலைகளில், வெல்டிங்கை வெட்டாமல், கழியொலியை (காதுக்குக் கேட்காத உயர் அதிர்வெண் ஒலி) அனுப்பி உள்ளே குறை இருக்கிறதா என்று பார்ப்பதுதான் என் செயற்றிட்டம். முதலில் அலை தகட்டுக்குள் போய்த் தெறிப்பதைக் கணிக்கும் 2டி மாதிரி ஒன்றைப் பைதனில் எழுதினேன். தகடு 100 × 30 மி.மீ. 20 மி.மீ ஆழத்தில் 1.5 மி.மீ விட்டமுள்ள பக்கத்துளை (குறைக்குப் பதிலாகப் பக்கவாட்டில் துளைத்தது). மேற்பரப்பிலிருந்து 45 பாகையில் 5 மெகாஹேர்ட்ஸ் குறுக்கலை (துகள்கள் அலை போகும் திசைக்குக் குறுக்காக அதிர்வது) அனுப்புகிறேன். வேகம் நெட்டாங்கு அலைக்கு (போகும் திசையிலேயே அதிர்வது) 5900 மீ/செ, குறுக்கலைக்கு 3200 மீ/செ. கட்டம் (கணிக்கும் புள்ளிகளின் இடைவெளி) 0.1 மி.மீ, நேர அடி (ஒரு கணிப்புக்கும் அடுத்ததற்கும் இடையிலான நேரம்) 15 நனோசெக்கன்.

சில நூறு அடிகளுக்குள் எண்கள் வெடித்துவிடுகின்றன. 10 நனோசெக்கனுக்குக் குறைத்தால் ஓடுகிறது, ஆனால் 17.2 மைக்ரோசெக்கனில் வரவேண்டிய தெறிப்பு 18ஐ ஒட்டி வருகிறது, பின்னால் வால்போல அலையலையாக வேறு. 5 நனோசெக்கன் வைத்துப் பார்த்தேன், இன்னும் கொஞ்சம் பிந்தியது! நேர அடியைக் குறைத்தால் துல்லியம் கூடத்தானே வேண்டும்? இதையே 3டியில் செய்யவும் ஆசை. லாப்டொப்பில் ரேம் 8 ஜிபி.

வவுனியா_அண்ணா:
தம்பி, இரண்டும் வேறு வேறு நோய்.

வெடிப்பு: 0.1 மி.மீயை 5900 ஆல் வகுத்து, 16.9 நனோசெக்கன் வரை போகலாம் என்று நினைத்திருப்பீர்கள். அது ஒரு பரிமாணக் கணக்கு. 2டியில் அதை √2 ஆல் வகுக்க வேண்டும், எல்லை ஏறத்தாழ 12 நனோசெக்கன். 3டியில் √3.

பிந்துவது: கட்டத்தை நெட்டாங்கு அலையின் நீளத்தை (1.18 மி.மீ) வைத்துத் தீர்மானித்திருக்கிறீர்கள் போலத் தெரிகிறது. நீங்கள் தேடுவதோ குறுக்கலை. அதன் அலைநீளம் 0.64 மி.மீ, அதாவது ஒரு அலைக்கு ஆறு புள்ளிதான். அடுத்தடுத்த புள்ளிகளின் வித்தியாசத்தை மட்டும் எடுக்கும் இரண்டாம் வரிசை வேறுபாட்டு முறைக்கு அது காணாது. கட்டத்தில் அலை மெதுவாகப் போகும், குறுகிய அலைகள் கூடுதலாகப் பிந்தும். உங்கள் வால் அதுதான். நேர அடியின் பிழை அலையை முந்தவைக்கும், கட்டத்தின் பிழை பிந்தவைக்கும். ஒன்றை ஒன்று ஓரளவு சமன்செய்கின்றன. நேர அடியை மட்டும் குறைத்தால் அந்தச் சமன் போய்விடும், அதனால்தான் 5 நனோசெக்கனில் இன்னும் மோசம்.

கட்டத்தை 0.04 ஆக்கலாம், ஆனால் நான் அதைச் செய்யமாட்டேன். இடத்தில் எடுக்கும் வேறுபாடுகளுக்கு, கூடுதல் அயற்புள்ளிகளைச் சேர்க்கும் நான்காம் வரிசை முறையைப் போடுங்கள், நிலநடுக்க ஆய்வில் 1988இல் லெவாண்டர் எழுதிய முறை. அலைக்குப் பத்துப் புள்ளி போதும், கட்டம் 0.064 மி.மீ. நேர அடியின் எல்லைக் காரணி 0.707க்குப் (1/√2) பதில் 0.606, ஆகவே நேர அடி 6.5 நனோசெக்கன். 25 மைக்ரோசெக்கனுக்கு நாலாயிரம் அடிகூட வராது. பைதனில் கட்டம் கட்டமாக லூப் சுற்றுகிறீர்கள் என்றால் நம்பா (லூப்பை வேகமாக்கும் பைதன் நூலகம்) போடுங்கள், எண்களை 32 பிட்டில் வையுங்கள்.

முல்லை_அக்கா:
ஒன்று கேட்கிறேன், அலையை உறிஞ்சும் எல்லையை எங்கே வைத்திருக்கிறீர்கள்? இடது, வலது ஓரங்களில் மட்டும் போடுங்கள். மேலும் கீழும் தகட்டின் உண்மையான பரப்புகள், அங்கே தகைப்பு (ஓரலகுப் பரப்பில் தாக்கும் விசை) பூச்சியம். நாலு பக்கமும் உறிஞ்சவிட்டால் அடிப்பரப்பின் தெறிப்பே வராது. ஒவ்வொரு அடியையும் படமாகச் சேமிக்காதீர்கள், வாங்கியின் புள்ளியில் வரும் குறியை மட்டும் எழுதுங்கள். கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடர, ஐந்நூறு அடிக்கு ஒருமுறை புலங்களை (எல்லாப் புள்ளிகளின் வேக, தகைப்பு எண்களை) கோப்பில் போட்டு வையுங்கள். எங்கள் பக்கத்தில் இது ஆடம்பரம் இல்லை.

வவுனியா_அண்ணா:
3டியை இப்போதைக்கு விடுங்கள். 40 மி.மீ அகலம் எடுத்தாலே 0.064 கட்டத்தில் ஏறக்குறைய 46 கோடிக் கலங்கள். கலத்துக்கு ஒன்பது புலம், ஒவ்வொன்றும் நாலு பைட், 16 ஜிபிக்கு மேல். பக்கத்துளை அகலம் முழுக்க ஒரே மாதிரி என்பதால் தெறிப்பு வரும் நேரத்துக்கு 2டியே போதும். வீச்சத்தை மட்டும் 2டியில் நம்பாதீர்கள், அங்கே அலை விரிந்து தேய்வது வேறு விதம். நிரலைச் சோதிக்கத்தான் 3டி வேண்டும் என்றால் 2 மெகாஹேர்ட்ஸுக்கு இறங்குங்கள். கட்டம் 0.16 ஆகும், 1 ஜிபி அளவில் முடியும்.

கிளி_மாணவன்:
நான்காம் வரிசை போட்டேன், தெறிப்பு 17.2இல் வந்துவிட்டது, வாலும் இல்லை. மிக்க நன்றி அண்ணா, அக்கா. ஆனால் 1.3 மைக்ரோசெக்கன் அளவு கழித்து இன்னொரு சின்னக் குறி நிற்கிறது. கட்டத்தை இன்னும் சிறிதாக்கியும் அது போகவில்லை. இதுவும் பிழையா?

முல்லை_அக்கா:
கட்டத்தை மாற்றியும் அசையவில்லை என்றால் அது நிரலின் பிழையாக இருக்க வாய்ப்புக் குறைவு. அலையில் ஒரு பங்கு துளையின் பின்பக்கத்தைச் சுற்றிக்கொண்டு வருகிறது. கூடுதல் தூரம் ஆரையின் இரு மடங்கும் அரைச் சுற்றளவும், அதாவது 1.5உம் 2.36உம். சுற்றும் பகுதிக்குப் பரப்பலை (பரப்பை ஒட்டியே ஓடும் அலை) வேகம், ஏறத்தாழ 2950 மீ/செ. கூட்டிப் பாருங்கள், 1.3 கிட்ட வரும். துளையின் விட்டத்தை 3 மி.மீ ஆக்கினால் இடைவெளியும் இரு மடங்காகும். அதையும் ஒருமுறை ஓட்டிவிட்டு அறிக்கையில் போடுங்கள்.