பதில்: குஞ்சு வளர்க்கப் பறவை செலவிடும் சக்திக்கு என்ன சொல்?

> “பெற்றோர் ஆற்றல் செலவு” என்றே வைத்துக்கொள்ளலாமே, எல்லாருக்கும் புரியும்.

அன்பின் தம்பி, வணக்கம்.

யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்கு இது பிழையாகத்தான் விளங்கும். இங்கே பாடநூலில் சக்தி என்றுதான் படிக்கிறார்கள். ஆற்றல் என்றால் திறமை. “பெற்றோர் ஆற்றல்” என்று தலைப்பிட்டால் தாய் தகப்பனின் கெட்டித்தனம் பற்றிய கட்டுரை என்று நினைப்பார்கள்.

அதைவிடப் பெரிய சிக்கல் ‘பெற்றோர்’. வளவில் புலுனிக்குருவி குஞ்சு பொரித்திருக்கும்போது பாருங்கள். தாயும் தகப்பனும் மட்டும் தீன் கொண்டுவருவதில்லை. கூட்டத்தில் மற்றவையும் சொண்டில் வெட்டுக்கிளியோடு வேலிக் கிளுவங்கதியாலில் வந்து குந்தி, அக்கம்பக்கம் பார்த்து, ஊட்டிவிட்டுப் போகும். அந்த உழைப்பும் கணக்கில் வரவேண்டும். ஆகவே ஆளை விட்டுவிட்டு வேலையை வைத்துப் பெயரிடுவோம்: “வளர்ப்புச்சக்தி”.

குத்துயரம் (கடல்மட்டத்திலிருந்து உள்ள உயரம்) பற்றி எழுதும்போது இன்னொரு பிரிவும் தேவை. 1000 மீற்றர் ஏறினால் வெப்பநிலை ஏறக்குறைய 6.5 பாகை குறையும். இலங்கை மலைநாட்டில் 2100 மீற்றர் அளவில் இருக்கும் ஹோட்டன் சமவெளி, எங்கள் கரையோரத்தைவிடப் 13, 14 பாகை குளிர். இரை தேடத் தாய் எழும்பிப் போன உடனே முட்டை ஆறத் தொடங்கும். திரும்பி வந்து உடற்சூட்டால் அதை மறுபடி சூடாக்கவேண்டும். காற்றின் அடர்த்தியும் கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு குறைவு, பறக்கக் கூடுதல் வலு வேண்டும். மலைப்பறவைகள் பல, தாழ்நிலத்து உறவினங்களைவிடக் குறைவான முட்டைதான் இடுகின்றன. அப்படியென்றால் மொத்தச் செலவு ஏறாமலே ஒரு குஞ்சுக்கான செலவு ஏறலாம். “மொத்த வளர்ப்புச்சக்தி”, “குஞ்சுவீத வளர்ப்புச்சக்தி” என்று பிரித்துச் சொல்லாவிட்டால் முடிவே தலைகீழாகிவிடும்.

‘பெற்றோர் முதலீடு’ என்ற சொல்லும் வேண்டாம். அது 1972இல் ராபர்ட் டிரிவர்ஸ் என்ற உயிரியலாளர் வரையறுத்த வேறு கருத்து: ஒரு குஞ்சுக்குச் செய்வதால் மற்றக் குஞ்சுகளுக்குச் செய்யமுடியாமற் போவதையும் சேர்த்துப் பார்ப்பது. நாம் பெயர் தேடுவது யூல் என்ற சக்தி அலகில் அளக்கும் ஒன்றுக்கு.

—

வணக்கம் அண்ணா.

புலுனியைப் (தமிழ்நாட்டில் எங்கள் ஊரில் தவிட்டுக்குருவி) பற்றிப் படித்ததும் ‘பெற்றோர்’ஐ விட்டுவிட்டேன். ஆனால் வளர்ப்பு என்றால் முட்டை பொரிந்த பிறகுதான் என்று இங்கே எடுத்துக்கொள்வார்கள். நீங்கள் சொன்ன முட்டைச் சூடு வெளியே நின்றுவிடும். அடைகாப்பும் ஊட்டலும் இரண்டும் அடக்கம் என்று வரையறையிலேயே எழுதிவிடுங்கள். “வளர்ப்பாற்றல்” என்ற வடிவமும் பக்கத்தில் இருக்கட்டும்.

அளக்கும் முறைக்கும் சொல் வேண்டும். கன (அணு எடை கூடிய) ஹைட்ரஜனும் கன ஆக்சிஜனும் கொண்ட நீரைப் பறவைக்குச் செலுத்திப் பறக்க விடுகிறார்கள். பிறகு பிடித்து இரத்தத்தைச் சோதிக்கிறார்கள். ஹைட்ரஜன் நீராக மட்டுமே வெளியேறும், ஆக்சிஜன் நீராகவும் கரியமில வாயுவாகவும் வெளியேறும். அந்த வித்தியாசத்திலிருந்து மூச்சில் போன கரியமில வாயுவும், அதிலிருந்து ஆற்றலும் கிடைக்கும். “இருகுறி நீர்” சரிவருமா?